ட்வீட்டரைத் திருப்பிக் கட்டியது யார்?

எங்கள் பழைய கம்பெனி ஆட்களுக்கென்று ஒரு வாட்ஸப் குழு இருக்கிறது. காலை வணக்கம், மூட்டுவலி மருந்து, பேரப்பிள்ளைகளின் நாட்டியம், இவ்வளவுதான் அதில் வழக்கமாக வரும். சென்ற மாதம் ஒரு வீடியோ வந்தது. திருவனந்தபுரத்தில் பழவங்காடிப் பக்கம் ஏதோ பழைய சாமான் கடையில் ஒருவர் ஸ்பீக்கர் பெட்டி ஒன்று வாங்கியிருக்கிறார். பெட்டியின் நெற்றியில் எங்கள் கம்பெனி முத்திரை. கழுத்தில் ஹெட்போன் தொங்க, பின்பலகையைக் கழற்றி, டார்ச் அடித்துக் காட்டுகிறார்.

"கண்டோ, ட்வீட்டர் ஒயர் தலைகீழா கொடுத்திருக்கு. சிவப்பு போய் மைனஸ்ல. அந்தக் காலத்து ஆளுகளுக்கு இதொண்ணும் அறியில்ல. நம்ம இப்ப சரியாக்கிடலாம்" என்று சொல்லி, சூட்டுக்கோலை வைத்து ஒயரை மாற்றி, கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். கீழே பாராட்டு மழை.

என் சமையலைக் குறை சொல்லியிருந்தால் பொறுத்திருப்பேன். என் மகளின் கல்யாண சாம்பாரைக் குறை சொன்ன சம்பந்தியையே பொறுத்தவள் நான். இதைப் பொறுக்க முடியவில்லை. குழுவில் எல்லோரும், "தாணம்மாள் அக்கா பதில் சொல்லணும்" என்று எழுதிவிட்டார்கள். ஒற்றை விரலால் பதில் அடிக்க ஆரம்பித்தேன். அது நீண்டுகொண்டே போனதால் நோட்டுப் புத்தகத்துக்கு மாறினேன். அந்தப் பதில்தான் இது.

நான் பூதப்பாண்டிக்காரி. நாகர்கோவிலில் பாலிடெக்னிக் படித்து, திருவனந்தபுரத்தில் வாழ்க்கைப்பட்டு, நகரத்துக்கு வெளியே தொழிற்பேட்டையில் இருந்த ஸ்பீக்கர் கம்பெனியில் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்தேன். இப்போது கழக்கூட்டத்தில் மகளோடு ஒரு ஃபிளாட்டில் இருக்கிறேன். லிஃப்டில் வரும் ஐ.டி. பிள்ளைகள் எல்லோர் காதிலும் ஏதாவது ஒன்று செருகியிருக்கும். நான் "சாப்பிட்டாச்சா மக்களே" என்று கேட்டால் ஒருவருக்கும் கேட்பதில்லை. ஸ்பீக்கர் செய்து பிழைத்தவளுக்கு இது வேண்டியதுதான்.

கம்பெனியில் முதல் வருஷம் ஸ்பீக்கருக்குச் செம்புக் கம்பியில் காயில் சுற்றினேன். இரண்டாம் வருஷம் மற்றவர்கள் சுற்றிய காயில்களைக் குறை சொன்னேன். மூன்றாம் வருஷம் என்னை டெஸ்ட் ரூமில் போட்டார்கள். பயிற்சி அவ்வளவுதான்.

டெஸ்ட் ரூம் வெங்கிட்டு சாரின் ராஜ்யம். கரமனை அக்கிரகாரத்து மனிதர். ஒல்லி உடம்பு, நெற்றியில் விபூதி, சட்டைப் பையில் நாலு பென்சில். வாழ்நாளெல்லாம் ஸ்பீக்கரோடு இருந்த அவருக்குச் சத்தம் என்றாலே ஆகாது. அவர் பேசுவதைக் கேட்க நாம்தான் குனிந்து பக்கத்தில் போக வேண்டும். ஜெனரல் மேனேஜரே அவரிடம் பேசும்போது சேரை இழுத்துப் போட்டுக்கொள்வார். கோபம் வந்தால் அவர் குரல் இன்னும் இறங்கும். உதடு மட்டும் அசைந்து சத்தமே வரவில்லை என்றால் நாங்கள் எழுந்து ஸ்டோர் பக்கம் போய்விடுவோம்.

அவர் யாரையும் "தப்பு" என்று சொன்னதில்லை. "சித்தே யோசிச்சுப் பாருங்கோ" என்பார். முப்பது சால்டர் ஜாயிண்டில் ஒன்று மங்கலாக இருந்தால், அந்த ஒன்றைப் பென்சில் முனையால் தொட்டுவிட்டு அந்த வார்த்தையைச் சொல்வார். இதைவிட இரண்டு அறை வாங்கியிருக்கலாம் என்று இருக்கும்.

டெஸ்ட் செய்வதற்கு ஒரு முறை உண்டு. சுவரெல்லாம் இலவம்பஞ்சு மெத்தை தொங்கும். முதலில் ஜன்னலை அடைக்க வேண்டும். ஃபேனை நிறுத்த வேண்டும். பெண்கள் கண்ணாடி வளையலைக் கழற்றி மேஜை டிராயருக்குள் துணியில் சுற்றி வைக்க வேண்டும். பிறகு பெட்டியை மேடையில் ஏற்றி, அதற்கு எதிரே ஒரு முக்காலியில் மைக்கை நிறுத்த வேண்டும். மைக்கின் உயரம் முக்கியம். பெட்டியில் கீழே பெரிய ஸ்பீக்கர், அதன் பெயர் ஊஃபர், கனத்த சத்தத்துக்கு. மேலே சிறியது, ட்வீட்டர், கீச்சுச் சத்தத்துக்கு. இரண்டுக்கும் சரியாக நடு உயரத்தில் மைக் நிற்க வேண்டும். அதற்காக முக்காலியின் கம்பியில் சார் சாக்பீஸால் கோடு போட்டிருந்தார். அந்தக் கோட்டைத் துடைத்ததற்காகப் பெருக்கும் அம்மாவிடம் ஒரு வாரம் பேசாமல் இருந்தார். அவர் பேசாமல் இருக்கிறார் என்று அந்த அம்மாவுக்குத் தெரியவே இல்லை.

அதன் பிறகு இருபது சைக்கிளிலிருந்து, அதாவது வினாடிக்கு இருபது அதிர்விலிருந்து, இருபதாயிரம் சைக்கிள் வரை சத்தத்தை மெதுவாக ஏற்றிக்கொண்டு போவோம். எங்கேயாவது பெட்டி கிடுகிடுத்தால் அது ரிஜெக்ட். ஒரு தடவை இரண்டு நாளில் பதினோரு பெட்டிகள் ஒரே இடத்தில் கிடுகிடுத்தன. தச்சர்களைக் கூப்பிட்டு, பலகையை மாற்றி, பசையை மாற்றி, ஒன்றும் பலிக்கவில்லை. மூன்றாம் நாள் சாரின் மனைவிக்கு உடம்பு சுகமில்லை, அதனால் சார் சோறு கொண்டுவரவில்லை. அன்றைக்குப் பதினோரு பெட்டியும் பாஸ். மேஜைக்கு அடியில் அவர் வைக்கும் நாலடுக்கு டிபன் கேரியர்தான் கிடுகிடுத்திருக்கிறது. சார் மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டு, "ரசப் பாத்திரமாக்கும்" என்றார். தச்சர்களிடம் அவர் மன்னிப்புக் கேட்டதாக நினைவு. சத்தம் வராததால் உறுதியாகச் சொல்ல முடியாது.

இப்போது அந்த ஒயர் விஷயத்துக்கு வருகிறேன்.

பெட்டிக்குள் ஒரு சின்னப் பலகையில் காயிலும் கண்டென்சரும் இருக்கும். கனத்த சத்தத்தை ஊஃபருக்கும் கீச்சுச் சத்தத்தை ட்வீட்டருக்கும் பிரித்து அனுப்புவது அதன் வேலை. கிராஸ்ஓவர் என்று பெயர். பிரிக்கிறபோது அது ஒரு குறும்பும் செய்யும். ஊஃபருக்குப் போகும் சத்தத்தைக் கொஞ்சம் பிந்த வைக்கும், ட்வீட்டருக்குப் போவதைக் கொஞ்சம் முந்த வைக்கும். எங்கள் கிராஸ்ஓவரில், இரண்டும் சேர்ந்து பாடுகிற மூவாயிரம் சைக்கிள் பக்கம், ஒன்று காற்றை முன்னால் தள்ளும்போது மற்றது பின்னால் இழுக்கும். இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். சத்தத்தில் அந்த இடத்தில் ஒரு பள்ளம் விழும்.

பாலிடெக்னிக்கில் இதைக் கணக்காகப் போட்டுப் பாஸாகியிருந்தேன். புரிந்தது டெஸ்ட் ரூமில்தான். ஒருநாள் சார் மேஜை விரிப்பை எடுத்து, ஒரு தலைப்பை என்னிடமும் மறுதலைப்பைத் தங்கமணியிடமும் கொடுத்தார். தங்கமணி ஒயரிங் செய்பவள். சாலைக் கடைத்தெருவில் குடியிருந்த திருநெல்வேலிக் குடும்பம். அவளைப் போல ஜாயிண்ட் போட அந்தக் கம்பெனியில் ஆள் இல்லை.

"ரெண்டு பேரும் சேர்ந்து ஒதறுங்கோ" என்றார். உதறினோம். படீர் என்றது.

"இப்போ தாணம்மா மேல தூக்கறச்சே தங்கமணி கீழ இறக்கணும்."

விரிப்பு சும்மா நெளிந்தது. சத்தமே இல்லை.

"இதாக்கும் அந்தப் பள்ளம். இதுக்கு என்ன பரிகாரம்?"

தங்கமணி, "ஒருத்திய மாறிச் செய்யச் சொன்னாப் போதும் சார்" என்றாள்.

சாருக்குக் கண் கலங்கிவிட்டது. அதுதான் பரிகாரம். ட்வீட்டரின் இரண்டு ஒயரையும் வேண்டுமென்றே திருப்பிக் கட்டிவிட்டால், அது தள்ள வேண்டிய நேரத்தில் தள்ளும். பள்ளம் மேடாகிவிடும். ஆகவே சிவப்பு ஒயர் சிவப்புப் புள்ளியில் போகாது, மற்றதில்தான் போகும்.

இதைச் சார் முறைப்படி டிராயிங்கில் போட்டார். டிராயிங் செக்ஷனில் இருந்த நல்லவர்கள், பாவம் வெங்கிட்டு சாருக்குக் கை தவறிவிட்டது என்று நினைத்துத் திருத்தி அனுப்பினார்கள். மறுபடி போட்டார். மறுபடி திருத்தினார்கள். மூன்றாம் தடவை, திருத்திய டிராயிங்கோடு, சார் கண்ணாடியை மாற்றும் காலம் வந்துவிட்டது என்று அன்பாக ஒரு குறிப்பும் வந்தது. அன்றோடு சார் விட்டுவிட்டார். "நமக்குள்ள ஓர்மையிருந்தாப் போறும்" என்றார், ஞாபகம் இருந்தால் போதுமாம். அதிலிருந்து அது வாய்மொழி. ஒவ்வொரு புதுத் தொகுதி தொடங்கும்போதும் நான் தங்கமணியின் மேஜைக்குப் போய், "எளா, ட்வீட்டர் திருப்பி" என்பேன். அவள் தலையை ஆட்டுவாள். டிராயிங் ஒன்று சொல்லும், பெட்டி வேறொன்று சொல்லும், எல்லாம் சுகமாக நடந்தது. ஆறு வருஷம்.

ஆறாவது வருஷம் குறுப்பு சார் வந்தார்.

தர நிர்ணயப் பிரிவுக்குப் புதிய அதிகாரி. நேர்மையானவர், அதில் சந்தேகமில்லை. டீ கூடக் காசு கொடுக்காமல் குடிக்கமாட்டார். சட்டைப் பையில் எப்போதும் ஒரு பெரிய டார்ச் பேட்டரி இருக்கும், பை தொப்புள் வரை தொங்கும். எந்த ஸ்பீக்கரைப் பார்த்தாலும் பேட்டரியை வைத்துத் தொட்டுப் பார்ப்பார். காகிதக் கூம்பு முன்னால் வந்தால் "சரி", பின்னால் போனால் "தெற்று". எங்கள் பிரிவில் தமிழாட்கள் நிறைய என்பதால் எங்களோடு தமிழில்தான் பேசுவேன் என்று பிடிவாதம். "தமிழ் எனக்கு நல்லவண்ணம் அறியும் கேட்டோ" என்று அதையும் பாதி மலையாளத்தில் சொல்வார்.

அப்போது ஒரு கல்லூரி அரங்குக்காக நாற்பத்திரண்டு பெட்டிகள் தயாராகி நின்றன. குறுப்பு சார் ஒன்றைத் திறந்து பார்த்தார். பிறகு இன்னொன்றை. பிறகு நாற்பத்திரண்டையும்.

"எல்லாத்திலயும் தெற்று! ஒண்ணு ரெண்டானா கைப்பிழை. நாப்பத்திரண்டும் ஒரேபோலானா இது மனப்பூர்வம். இது யாரு ஒயரிங் செஞ்சது?"

தங்கமணி எழுந்து நின்றாள்.

அவள் அப்போது நிரந்தரம் ஆகவில்லை. ஆறு வருஷமாகத் தற்காலிகம். அவள் கணவர் நுரையீரல் நோயில் படுத்துவிட்டார், இரண்டு பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். நிரந்தரமாக்கும் ஃபைல் அந்த மாதம்தான் நகர்ந்து ஜெனரல் மேனேஜர் மேஜைக்குப் போயிருந்தது. அந்த ஃபைலின் மேலேயே குறுப்பு சாரின் மெமோவும் போய் உட்கார்ந்தது. மனப்பூர்வமாக, அதாவது வேண்டுமென்றே, தவறான ஒயரிங், வேலையிலிருந்து நீக்கப் பரிந்துரை.

வெங்கிட்டு சார் ஊரில் இல்லை. காசிக்குப் போயிருந்தார், குடும்பத்தோடு, இருபது நாள். மொபைல் இல்லாத காலம்.

விசாரணைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். குறுப்பு சார் மேஜையில் டிராயிங்கை விரித்து வைத்திருந்தார்.

"தாணம்மாள், நீங்கள் டெஸ்ட் செய்யுந்ந ஆள். இந்த டிராயிங்கில ட்வீட்டர் திருப்பிக் கொடுக்கணும்னு உண்டோ?"

"டிராயிங்கில் இல்லை சார்."

"மதி, போதும். போகலாம்."

நான் எழுந்து வந்துவிட்டேன். "டிராயிங்கில் இல்லை, ஆனால் நான்தான் சொன்னேன்" என்று இன்னும் மூன்று வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். நான் நிரந்தரம். எனக்கு ஆறு மாதத்தில் பதவி உயர்வு. வெங்கிட்டு சார் வந்து சொல்லட்டும், பெரியவர், அவர் சொன்னால் எடுபடும் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். பயந்தேன், அதுதான் உண்மை. அந்த வெட்கம் எனக்கு இப்போதும் இருக்கிறது.

தங்கமணியும் நானும் ஒரே மேஜையில் சாப்பிடுவோம். என் தீயல் அவளுக்கு, அவள் சொதி எனக்கு. அன்று மதியம் அவள் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு பெயிண்ட் செக்ஷனுக்குப் போய்விட்டாள். பெயிண்ட் வாடையில் மனுஷன் மூச்சு விட முடியாது, அங்கே உட்கார்ந்து சாப்பிட்டாள். ஒன்பது நாள் அப்படி. இதற்கிடையில் நாற்பத்திரண்டு பெட்டியையும் "சரி"யாக்கும் வேலையையும் குறுப்பு சார் அவளுக்கே கொடுத்தார். இரண்டு நாளில் முடித்தாள். என் பக்கம் திரும்பவில்லை.

பத்தாம் நாள் வெங்கிட்டு சார் மொட்டைத் தலையோடு வந்தார். எல்லோருக்கும் கங்கைச் சொம்பு. நான் நடந்ததைச் சொன்னேன். அவர் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. நான் ஸ்டோருக்குப் போகாமல் நின்றேன். கொஞ்சம் பொறுத்து, "நீங்க அப்படிப் பண்ணியிருக்கப்படாது தாணம்மா" என்றார். "சித்தே யோசிச்சுப் பாருங்கோ" என்று சொல்லாதது அதுதான் முதல் தடவை.

பிறகு அவரே போய் ஜெனரல் மேனேஜரிடம் அரைமணி நேரம் கேட்டு வாங்கிவந்தார். நேரில் போட்டுக் காட்டி நிரூபிக்கலாம் என்று அனுமதி. இரண்டு பெட்டிகளை மேடையில் ஏற்றினோம். ஒன்று குறுப்பு சார் திருத்தியது. மற்றதைத் தங்கமணி பழையபடி திருப்பிக் கட்டினாள். ஒரு சுவிட்ச் தட்டினால் ஒன்று, மறுபடி தட்டினால் மற்றது.

ஜெனரல் மேனேஜர் மாத்யூ சார் ஆறடிக்கு மேல் உயரம். தன் அறையிலிருந்து உயரமான சுழல் நாற்காலியையும் கொண்டுவரச் சொல்லியிருந்தார். பக்கத்தில் நிர்வாக அதிகாரி, குள்ளமானவர், பெயர் பிள்ளை. அப்புறம் குறுப்பு சார். தங்கமணி கதவோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

வெங்கிட்டு சார் தொண்டையைச் செருமினார். பெரிய அதிகாரிகள் முன்னால் அவருக்கு இருந்த கொஞ்சக் குரலும் போய்விடும். ஏதோ சொன்னார். "என்ன? என்ன?" என்றார் மாத்யூ சார். மறுபடி சொன்னார். அதுவும் கேட்கவில்லை. சார் என்னைப் பார்த்தார். நான் எழுந்து நின்றேன்.

முதலில் ஒரு பாட்டு கேசட் போட்டேன். அதுதான் நான் செய்த முட்டாள்தனம். சுவிட்சைத் தட்டித் தட்டி இரண்டையும் கேட்கவைத்தேன். "எது நல்லாயிருக்கு சார்?"

"முதல் பெட்டிதன்னே. காதுக்கு இதமா இருக்கு" என்றார் மாத்யூ சார். பிள்ளை சாரும் தலையாட்டினார். அது குறுப்பு சார் திருத்திய பெட்டி. பேட்டரி இருந்த பையை அவர் ஒரு தடவை தடவிக்கொண்டார். தங்கமணி தலையைக் குனிந்துகொண்டாள்.

வேறு வழியில்லை, டெஸ்ட்டுக்கு வைக்கும் சத்தத்தையே வைத்தேன். மூவாயிரம் சைக்கிள், குக்கர் விசில் போல ஒரே சத்தம். திருத்திய பெட்டியில் அது காணாமல் போக வேண்டும்.

"இப்ப சத்தம் கேக்காது சார்" என்றேன்.

"கேக்குதே" என்றார் மாத்யூ சார்.

"கரண்ட் போச்சோ?" என்றார் பிள்ளை சார்.

"என்ன பிள்ளே, இவ்வளவு சத்தம் கேக்குது?"

"எனக்கு ஒண்ணும் கேக்கல்லியே சார்."

"நீர் காது டாக்டரைப் பாரும்."

"சார், என் காதுக்கு ஒரு குறையும் இல்ல. போன மாசம்தான் மெடிக்கல் எடுத்தேன்."

இரண்டு அதிகாரிகளும் முறைத்துக்கொண்டார்கள். குறுப்பு சார், "இதெல்லாம் வெறும் நாடகம்" என்றார். அப்போதுதான் என் கண் முக்காலியின் சாக்பீஸ் கோட்டில் விழுந்தது. மைக்குக்கு ஒரு உயரம் என்றால் மனுஷர் காதுக்கும் அதே உயரம்தானே. இரண்டு ஸ்பீக்கரும் காதுக்குச் சமதூரத்தில் இருந்தால்தான் சரிக்குச் சரியாகத் தின்றுகொள்ளும். பிள்ளை சாரின் காது தானாகவே அங்கே இருந்தது. மாத்யூ சாரின் காதோ ட்வீட்டருக்கும் மேலே.

"சார், கொஞ்சம் குனியணும்" என்றேன்.

"எந்தா?"

"தலையைக் குனியணும் சார். இந்தக் கோடு வரைக்கும்."

ஒரு ஜெனரல் மேனேஜரிடம் அந்தக் கம்பெனியில் யாரும் அப்படிச் சொன்னதில்லை. அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு சுழல் நாற்காலியிலிருந்து மெதுவாகச் சறுக்கி இறங்கினார்.

"போச்சு!" என்றார். நிமிர்ந்தார். "வந்நு!" மறுபடி இறங்கினார். "போச்சு! பிள்ளே, நீர் எழுந்து பாரும்."

பிள்ளை சார் எழுந்தார். "ஐயோ, கேக்குது!" உட்கார்ந்தார். "போயி!"

நான் சுவிட்சைத் தட்டி மற்றப் பெட்டிக்கு மாற்றினேன். அதே உயரத்தில், கணீரென்று சத்தம் காதைத் துளைத்தது. இரண்டு பேரும் காதைப் பொத்தினார்கள். மறுபடி தட்டினேன், மயான அமைதி. குறுப்பு சார் மட்டும் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். மாத்யூ சார், "குறுப்பே, நீரும் குனியணும்" என்றார். குறுப்பு சார் குனிந்தார். நிமிர்ந்தார். இன்னொரு தடவை குனிந்தார். பிறகு யாரும் சொல்லாமலே குனிந்து குனிந்து நிமிர்ந்துகொண்டிருந்தார்.

அந்த நேரத்தில் பியூன் தாமஸ் டீ கொண்டு கதவைத் திறந்தார். மூன்று பெரிய அதிகாரிகள் ஒரு ஸ்பீக்கர் பெட்டியின் முன்னால் தலை தாழ்த்தி எழுந்துகொண்டிருந்தார்கள். பக்கத்தில் மொட்டைத் தலையும் விபூதியுமாக வெங்கிட்டு சார். டீயை அப்படியே வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனார். வெங்கிட்டு சார் காசியிலிருந்து கொண்டுவந்த ஏதோ ஒன்றை டெஸ்ட் ரூமில் பிரதிஷ்டை செய்துவிட்டார் என்று மறுநாள் கம்பெனி முழுக்கப் பேச்சு.

"பின்ன பாட்டு ஏன் அந்தப் பெட்டியில நல்லாயிருந்தது?" என்று மாத்யூ சார் கேட்டார். வெங்கிட்டு சார் பக்கத்தில் போய் அவர் காதில் சொன்னார். சொன்னது எனக்கும் கேட்டது. "அந்தக் கேசட் ஒரே கீச்சு சார். பள்ளத்துல கீச்சும் விழுந்துடுத்து. ஆனா கல்லூரிக்குப் பாட்டு அல்ல, வாத்தியார் பேசறதாக்கும் வேண்டியது. வார்த்தை தெளியறது இந்த எடத்துலதான்."

மாத்யூ சார் தலையாட்டினார். "சரி. இது யாரு சொல்லி இந்த ஒயரிங்?"

"நான் சொல்லி சார்" என்றேன். "ஆறு வருஷமா நான்தான் சொன்னேன். அன்னைக்கு விசாரணையில சொல்லல. அது என் தப்பு."

குறுப்பு சார் என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் பையிலிருந்து பேட்டரியை எடுத்து மேஜையில் வைத்தார். "மெமோ நான் திரும்ப எடுக்குந்நு" என்றார். நேர்மையான மனுஷர் என்று முன்பே சொன்னேன்.

எனக்குக் கண்டனக் கடிதம் வந்தது, பதவி உயர்வு இரண்டு வருஷம் தள்ளிப் போனது. நியாயம்தான். டிராயிங்கை மாற்றி, டிராயிங் செக்ஷன் மறுபடி அன்பு காட்டாமல் இருக்க, ட்வீட்டர் பக்கத்தில் கட்டம் போட்டு, "இது பிழை அல்ல, திருத்தக் கூடாது" என்று எழுதி, மூன்று அதிகாரிகளும் கையெழுத்துப் போட்டார்கள். பின்னால் விருந்தாளிகள் யாராவது வந்தால் குறுப்பு சாரே டெஸ்ட் ரூமுக்கு அழைத்துவந்து, "கொஞ்சம் குனியணும்" என்று விளக்குவார். தான் கண்டுபிடித்ததைப் போலத்தான் சொல்வார். நாங்கள் விட்டுவிட்டோம்.

பெட்டிகள் மறுபடி தங்கமணி மேஜைக்கே போயின. டெஸ்டுக்குத் திருப்பிய ஒன்று போக மிச்சமிருந்த நாற்பத்தொன்றையும் திருப்பிக் கட்டி முடித்த அன்று மாலை அவள் என்னிடம் வந்தாள். பத்துப் பன்னிரண்டு நாளில் முதல் பேச்சு.

"பெட்டிக்கு ரெண்டு ஜாயிண்ட், அங்க ஒருக்கா, இங்க ஒருக்கா. நூத்தி அறுபத்தெட்டு ஜாயிண்ட் போட்டிருக்கேன். நீங்க அன்னைக்கே வாயத் தொறந்திருந்தா ஒண்ணுகூட வேண்டாம்."

அவள் சூட்டுக்கோலை நான் துடைத்து வைத்தேன்.

ஒன்றரை மாதத்தில் அவளுக்கு நிரந்தர உத்தரவு வந்தது. கவரோடு நேரே என் மேஜைக்கு வந்து, பாத்திரத்தைத் திறந்து, சொதியை என் பக்கம் தள்ளினாள். "இனி என்கிட்ட எது சொன்னாலும் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாங்கக்கா" என்றாள். விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு இருபத்து மூன்று வருஷம் நாங்கள் பக்கத்துப் பக்கத்து மேஜை. ஒவ்வொரு தொகுதிக்கும் "ட்வீட்டர் திருப்பி" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். டீ வந்துவிட்டது என்று சொன்னால்கூடச் சில நாள் காகிதத்தை நீட்டுவாள். அவள் பெண்களின் கல்யாணத்துக்கு முன்வரிசையில் என்னை உட்காரவைத்தாள். நான் ஆஸ்பத்திரியில் கிடந்த பதினைந்து நாளும் சொதி கொண்டுவந்தாள். காகிதம் மட்டும் நிற்கவில்லை.

நான் ஓய்வுபெற்ற அன்று பூமாலையெல்லாம் போட்டு, பேச்செல்லாம் முடிந்து, இருவரும் பஸ்ஸுக்கு நின்றோம். கேட்டுவிட்டேன்.

"தங்கமணி, அந்தக் கோபம் இப்பவாவது தீர்ந்துதா?"

அவள் என் கையிலிருந்த மாலையையும் கங்கைச் சொம்பைவிடக் கனமான நினைவுப் பரிசையும் வாங்கித் தன் பையில் வைத்துக்கொண்டு, என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இல்லக்கா" என்றாள். "வேணும்னா எழுதித் தாரேன்."